இருக்கலாம் கிராணி வைத்த மங்கு

ஜொகூர் ராஜ்யம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், கட்டிலில் படுத்துக்கொண்டே “நான் படுத்திருக்கலாம்” என்று சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது தொரைக்கே மறந்து போயிருந்தது. எல்லாருக்கும் அவர் ‘இருக்கலாம் கிராணி’.

நான் சொல்வது ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். பாலோவிலிருந்து உள்ளே போனால் செம்மண் பாதை முடிகிற இடத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம். அங்கே மோட்டார் லாரி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், ஆனாலும் உண்மை. மூன்றாம் வகுப்பில் வாத்தியாரோடு ஒத்துவராமல் வெளியே வந்தவன் நான். இன்றைக்குக் குளுவாங்கில் என் பெயர் எழுதின லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பெரிய படிப்புப் படித்தவர்கள் என்னிடம் சம்பளத்துக்குக் கணக்கெழுதுகிறார்கள். அவர்கள் பேசினால் நான் கொட்டாவி விடுவேன். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்த பேச்சு ஒன்று உண்டென்றால், அது இருக்கலாம் கிராணியின் பேச்சு.

ஆள் தென்னங்கீற்று மாதிரி ஒல்லி. வேட்டி, மேலே கறுப்புக் கோட்டு, காலில் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. யாரோ தூரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருப்பது போலத் தலையைச் சாய்த்தே வைத்திருப்பார். கொட்டுகிற மழையில் நனைந்தபடி ஆபீஸ் வாசலில் நிற்பார். “வெளியில மழையா ஐயா?” என்று கேட்டால், கோட்டைப் பிழிந்துகொண்டே “பெய்யலாம்” என்பார்.

காலையில் பெரட்டுக்கு, ஆட்களை மேய்க்கிற மண்டோர் விரட்ட, எல்லாரும் வரிசையாக நிற்போம். கிராணி பெயர் கூப்பிட்டு முடித்ததும் தொரை கைத்தடியை ஆட்டிக்கொண்டு கேட்பார்.

“கிராணி! ஆள் எல்லாம் வந்தாச்சா?”

“வந்திருக்கலாம் தொரை.”

“வந்தாச்சா, வரலியா? ஒண்ணு சொல்லு!”

“எல்லாப் பேருக்கும் சத்தம் வந்துச்சு தொரை. சத்தம் குடுத்தது அந்தந்த ஆளேதானான்னு இன்னும் ருசுவாகலை.”

தொரையின் முகம் மிளகாய்ப் பழமாகும். ஒருநாள் அவர் வெறியோடு வரிசையில் இறங்கிப் போய்ப் பார்த்தார். காத்தமுத்துவின் இடத்தில் அவன் பெண்டாட்டி தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு, குரலைக் கட்டையாக்கி “வந்தேன் சாமி” சொல்லியிருந்தாள். காத்தமுத்து முதல் நாள் குடித்த கள்ளின் மயக்கத்தில் இன்னும் லயத்தில், அதாவது ஆட்களின் வரிசை வீட்டில், படுத்துக் கிடந்தான். அதற்கப்புறம் கிராணியை வேலையை விட்டுத் துரத்துகிற எண்ணம் தொரைக்கு வரவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்.

எதையும் உறுதியாகச் சொல்லமாட்டாரே தவிர, எண்ணங்களுக்குக் குறைவே கிடையாது. நாளொரு எண்ணம். ஒருநாள் சைக்கிளின் பின்னால் காலி பிஸ்கட் டின்களைக் கோத்துக் கட்டிக்கொண்டு, கலகலவென்று ஊரையே எழுப்பியபடி வந்தார்.

“என்ன ஐயா இது, கல்யாண ஊர்வலமா?”

“புலிக்குத் தகரச் சத்தம் ஆகாதுன்னு ஒரு எண்ணம் தம்பி. பார்த்துக்கிட்டிருக்கேன்.”

பத்து நாளாகப் புலி வரவில்லை. தோட்டத்து நாய்கள் அத்தனையும் வந்தன. லயத்து வாசலிலிருந்து ஆபீஸ் வரைக்கும் குரைத்துக்கொண்டே அவரைக் கொண்டுபோய் விட்டன.

“புலி வரலியே ஐயா, அப்ப ருசுதானே?” என்று கேட்டேன்.

“அவசரப்படாத தம்பி. அதுக்குப் பசி இல்லாம இருந்திருக்கலாம்.”

இன்னொரு தடவை, பாட்டுக் கேட்டால் ரப்பர் மரம் கூடுதலாகப் பால் விடும் என்று ஓர் எண்ணம். ஒரு நிரை மரங்களில் பால் வெட்டுகிற பெண்களைப் பாடச் சொன்னார். பக்கத்து நிரையை வாயே திறக்கக் கூடாது என்றார். நிறுத்துப் பார்த்தால் இரண்டு நிரையிலும் பால் பாதியாகக் குறைந்திருந்தது. பாடின நிரை பாட்டிலேயே மயங்கி நின்றுவிட்டது. பாடாத நிரை கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்க இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. தொரை தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். கிராணியோ, “மரத்துக்குப் பாட்டுப் புடிக்காதுன்னு சொல்ல முடியாது தொரை, மனுசங்களுக்குப் புடிக்குதுன்னு மட்டும் தெரியுது” என்று சந்தோஷமாகத் தலையைச் சாய்த்தார்.

இப்படிப்பட்டவர் ஒரு வார்த்தையில் போய் மாட்டிக்கொண்டார்.

மரங்களுக்கு ஏதோ நோய் என்று பார்க்க ஒரு வெள்ளைக்கார வாலிபன் வந்திருந்தான். பட்டையைச் சுரண்டி, முகர்ந்து பார்த்து, “இது என்னுடைய ஹைப்பாதிஸிஸ்” என்று தொரையிடம் சொன்னான். பக்கத்தில் நின்ற நம் கிராணிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ருசுவாகாத எண்ணத்துக்கு ஒரு வார்த்தையே இருக்கிறது! ஆயுள் முழுக்க எதைச் செய்துகொண்டிருந்தாரோ அதற்குப் பெயர் இருக்கிறது! அந்த வாலிபனை விடாமல் பிடித்து, வார்த்தையின் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுநாள் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு நான் பாலோ ரயிலடிக்குப் புறப்பட்டபோது, என் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

“தம்பி, இந்த வார்த்தையத் தமிழ்ல எப்படிச் சொல்றது?”

“ஊகம்னு சொல்லிட்டுப் போங்களேன்.”

“ஊகம் வாய்க்கு வந்தது தம்பி. மண்டோர் பெண்டாட்டிக்கு ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையான்னு லயத்துல அடிச்சுக்கிறாங்களே, அது ஊகம்.”

“அப்ப அனுமானம்?”

“‘அனு’ன்னா பின்னால. ‘மானம்’னா அளக்கறது. ஒண்ணப் பார்த்தபொறவு, பின்னால அளந்து சொல்றது. நீ கையெல்லாம் கரியா வந்து நின்னா, லாரி வழியில படுத்துருச்சுன்னு நான் கண்டுக்கிறேன் பாரு, அது அனுமானம்.”

“உத்தேசம்?”

“அது சோத்துக்கு உப்புப் போடறது.”

எனக்குத் தெரிந்த வார்த்தைகள் அத்தோடு தீர்ந்தன. “பின்ன இது என்னதான் ஐயா?”

“கிரேக்க பாஷையாம். ‘ஹைப்போ’ன்னா கீழே. ‘தீஸிஸ்’னா வைக்கிறது. கீழே வைக்கிறது! இன்னும் ஒண்ணும் தெரியாதப்பவே, முன்கூட்டிக் கீழே ஒண்ண வைக்கிறது. எதுக்குக் கீழே? எத வைக்கிறது? அதுதான் புடிபடலை. சோறு எறங்க மாட்டேங்குது.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, லாரியின் ரேடியேட்டர் கொதித்து ஆவியைக் கக்கியது. ஓரங்கட்டி நிறுத்தினேன். பாதையோரத்து மரத்தில் அஞ்சலையக்கா பால் வெட்டிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி நான் ஊற்றிக்கொண்டிருக்க, கிராணி மறுபடியும் “கீழே வைக்கிறது, கீழே வைக்கிறது” என்று முனகிக்கொண்டு நின்றார்.

அஞ்சலையக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. புருஷன் காய்ச்சலில் போய்ப் பல வருஷம். லயத்துக் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நாக்கு பால் வெட்டுகிற கத்தியை விடக் கூர்மை. மாப்பிள்ளை பேச வந்த ஒருவனை, “மொதல்ல ஒன் வேட்டியத் தொவச்சுக் கட்டு, பொறவு வா” என்று அனுப்பியவர்.

“என்ன கிராணி ஐயா, எத எங்க வச்சுட்டுத் தேடறீங்க?” என்றார்.

கிராணி சகலத்தையும் சொன்னார். கிரேக்க பாஷையையும் விடவில்லை. அக்கா கத்தியைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“இதுக்கா சோறு எறங்கலை? மங்கு வைக்கிற கதைதானே இது? மரத்துல கோட்டைக் கீறிட்டு அடியில மங்க வைக்கிறோம். பால் வருமா வராதான்னு மரத்துக்குத்தான் வெளிச்சம். வந்தாப் புடிச்சுக்கறது. வராட்டி என்ன, மங்கு தேஞ்சா போயிடும்?”

பால் வடிந்து விழ மரத்தடியில் வைக்கிற கிண்ணத்துக்குத்தான் எங்கள் பக்கம் மங்கு என்று பெயர். அதைத் தினம் பார்த்த மனிதர், அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பது மாதிரி பார்த்தார். அப்புறம் அஞ்சலையக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையை எடுக்கவே இல்லை.

“அலமாக்!” என்றார். “இதுதான். இதேதான்!”

‘இருக்கலாம்’ சேராமல் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வாக்கியம் அது. இப்போது புத்தகங்களில் ‘கருதுகோள்’ என்று போடுகிறார்களாம், என் பேத்தி சொன்னாள். நல்ல வார்த்தைதான். ஆனால் அதை உண்டாக்கிய பண்டிதர்கள் அன்றைக்கு அந்த மரத்தடியில் நின்றிருந்தால் வேறு மாதிரி உண்டாக்கியிருப்பார்கள்.

அன்றிலிருந்து கிராணிக்கு அந்த நிரைப் பக்கமே ஆபீஸ் ஜோலி. மர நோய் பார்க்க வருவார், எறும்புப் புற்று பார்க்க வருவார், ஒன்றுமில்லையென்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வருவார். காலையில் அவர் வருவது தெரிந்தாலே பெண்கள் “அக்கா, காத்து வருது!” என்று குரல் கொடுப்பார்கள். அஞ்சலையக்கா திரும்பிப் பார்க்காமல், “இந்தக் காத்துக்கு ஒரு எலை கூட ஆடாது” என்பார். ஆனால் அவர் வராத நாளில், “ஏன், ஆபீசுல இன்னிக்கு வேலையா?” என்று என்னிடம் விசாரிப்பார். கிராணியிடம் இதைச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயமும் தாங்கவில்லை.

“தம்பி, அவங்களுக்கு எம்மேல ஒரு இது இருக்கலாம்னு எனக்கு ஒரு எண்ணம்.”

“நேராக் கேட்டுடுங்க ஐயா.”

“கேட்டு, இல்லேன்னுட்டா? நாப்பது வயசாகப் போவுது எனக்கு. கிராணிமார் குவாட்டர்சுக்கும் லயத்துக்கும் நடுவுல ஒரு கால்வாய்தான் இருக்குது. அதத் தாண்டிப் பொண்ணு கேட்டவன் இது வரைக்கும் ஒருத்தன் கெடையாது. கேட்டு இல்லேன்னு ஆச்சுன்னா, அப்புறம் இந்தத் தோட்டத்துல நான் எப்படித் தலை காட்டறது? மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடைசியில் தன் வழக்கப்படியே ஒரு சோதனை வைத்தார். தீபாவளி வந்தது. அன்றைக்கு யாரும் யார் வீட்டு வாசலிலும் பலகாரம் வைக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கிராணி தன் கையாலேயே கேசரி கிண்டினார். ஸ்டோரிலிருந்து புத்தம் புதிய மங்கு ஒன்றை எடுத்து, அதில் கேசரியை நிரப்பி, அஞ்சலையக்கா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து வாசற்படியில் வைத்துவிட்டு ஓடி வந்தார்.

“சாயந்திரம் போய்ப் பார்ப்போம் தம்பி. மங்கு நிமிர்ந்திருந்தா சம்மதம். கவுந்திருந்தா சம்மதம் இல்லை.”

“இத அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டா அப்புறம் அது என்ன சோதனை?”

கிரேக்கம் வரைக்கும் போய் வந்த மூளையாயிற்றே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். சாயந்திரம் புதுச் சட்டையோடு லாரியை லயத்துப் பக்கம் உருட்டிக்கொண்டு போனோம். அஞ்சலையக்கா வீட்டு வாசலில் ஒரு குச்சி நட்டிருந்தது. அந்தக் குச்சியின் மேல் மங்கு. பளபளவென்று துடைத்து, தலைகீழாகக் கவிழ்த்திருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கிராணி மிகத் தெளிவாக, “இல்லை” என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் தோட்டத்துக்குக் கெட்ட காலம் பிடித்தது. உடைந்துபோன அந்த மனிதர் எல்லாவற்றையும் உறுதியாகப் பேச ஆரம்பித்துவிட்டார். “இன்னிக்கு மழை வராது, போய் வெட்டுங்க” என்று பெரட்டில் அடித்துச் சொன்னார். ‘இருக்கலாம் கிராணியே உறுதியாகச் சொல்கிறாரே’ என்று எல்லாரும் நம்பிப் போனார்கள். வானமே பிளந்து கொட்டியது. மங்கிலிருந்த பாலெல்லாம் மழைத் தண்ணீரோடு காட்டில் ஓடியது. சைக்கிளிலிருந்த டின்களை அறுத்து எறிந்துவிட்டு, “புலியாவது ஒண்ணாவது, இந்தக் காட்டுல புலியே கெடையாது” என்றார். அன்று மாலையே ஒரு காட்டுப் பன்றி அவரைத் தொரை பங்களா வரைக்கும் விரட்டிக்கொண்டு போயிற்று. தொரையின் வராந்தாவில் ஏறி நின்றுகொண்டு, “பன்றிதான் தொரை. சந்தேகமே இல்லை” என்றாராம்.

மண்டோர் என்னிடம் வந்து கிசுகிசுத்தார். “டிரைவரே, கிராணிக்கு என்னமோ புடிச்சிருக்கு. வேப்பிலை அடிக்கணும்லா. மனுசன் ‘இருக்கலாம்’ சொல்லி ஒரு வாரமாச்சு. கேக்கவே பயமா இருக்கு.”

தொரைக்கே கவலை வந்துவிட்டது. “கிராணி, ஒடம்பு சரியில்லையா?” என்றார். “சரியா இருக்குது தொரை. நான் வேலையை விடறேன். சிங்கப்பூர் போறேன். முடிவு பண்ணியாச்சு” என்றார் நம்மவர். முடிவு என்ற வார்த்தையைக் கேட்டதும் தொரை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தகரப் பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு நான்தான் அவரை ரயிலடிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. மனசே இல்லாமல் ஓட்டினேன். ஆட்கள் பாலை எடுத்துக்கொண்டு நிறுக்கப் போன நேரம். இரண்டு பக்கமும் மரங்கள், ஆள் சந்தடியில்லை. என் மூளைக்கு ஒரு குணம் உண்டு, லாரி ஓடினால்தான் அதுவும் ஓடும். ஒரு திருப்பத்தில் பிரேக்கை மிதித்தேன் பாருங்கள், கிராணி கண்ணாடியில் போய் முட்டிக்கொண்டார்.

“ஐயா, எறங்குங்க! இந்த மரத்தப் பாருங்க. அந்த மரத்தப் பாருங்க.”

நிரை நிரையாக, ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு குச்சி. ஒவ்வொரு குச்சியிலும் துடைத்துக் கவிழ்த்த ஒரு மங்கு. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கவிழ்ந்த மங்கு.

“இந்தக் காடு முழுக்கச் சேந்து ஒங்கள வேணாங்குதா?”

கிராணி நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. அவர் மரக்காட்டுக்குள் கணக்குக்காகப் போவதெல்லாம் பட்டுப்போன மரத்தையும் பால் வற்றின மரத்தையும் எண்ணத்தான். இனி வெட்டாதே என்று அடையாளம் காட்ட, அந்த மரங்களில் மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆகவே அவருக்குக் கவிழ்ந்த மங்கு என்றால் செத்த மரம். காலையில் அக்காவின் நிரைக்கு வருவாரே, அப்போது பார்த்ததெல்லாம் நிமிர்ந்த மங்கு. அதையும் பார்த்தாரா, அக்காவின் முகத்தையே பார்த்தாரா என்பது வேறு விஷயம். பால் வெட்டுகிறவர்களுக்கோ, பாலை வழித்துத் துடைத்தால் மங்கைக் கவிழ்த்தே ஆக வேண்டும். நாளைக்கு மறுபடி வேண்டும், மழையும் சருகும் விழாமல் இருக்கட்டும் என்று கவிழ்ப்பது. கை தானாகச் செய்கிற வேலை. கேசரி மங்காக இருந்தால் மட்டும் கை மாறிச் செய்யுமா?

இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொன்னேன். கிராணியின் தலை மெல்ல மெல்லப் பழையபடி சாய்ந்தது.

“தம்பி… நீ சொல்றது… இருக்கலாம்!”

லாரியைத் திருப்பிக்கொண்டு பால் நிறுக்கிற கொட்டகைக்குப் பறந்தேன். அஞ்சலையக்கா தோளிலிருந்து காண்டாக் கம்பை இறக்கி, வாளிகளை வரிசையில் வைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள். கிராணி இறங்கிப் போய் எதிரில் நின்றார்.

“என்ன கிராணி ஐயா? ஊருக்குப் போறீங்கன்னு சொன்னாங்க.” அக்காவின் குரலில் வழக்கமான கூர்மை இல்லை.

“தீபாவளிக்கு… மங்குல… கேசரி…”

“அது நீங்க வச்சதா? அடிப்புடிச்ச கேசரி! எந்தப் பாவி வச்சான்னு அன்னிலேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன்!”

“சாப்பிட்டீங்களா?”

“மங்கே மின்னற மாதிரி வழிச்சுச் சாப்பிட்டேன். வீணாக்க மனசு வருமா?”

கிராணி கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். கொட்டகையில் தராசு கூட ஆடவில்லை. “எனக்கு ஒரு எண்ணம். ஒங்களுக்கு… எம்மேல… நான் போறதா இருக்கறதான்னு… நீங்கதான் சொல்லணும். கால்வாய்க்கு அந்தப் பக்கம்னு பாக்காம, என்னக் கட்டிக்கிறீங்களா?”

அக்கா வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லாரியின் மேலிருந்த தகரப் பெட்டியைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு பரவிற்று.

“இதக் கேக்கறதுக்கா இத்தன நாளு? வாய் எதுக்கு இருக்கு ஒங்களுக்கு, காத்து வாங்கவா?” என்று கிராணியை அதட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார். “டிரைவர் தம்பி, அந்தப் பெட்டிய எறக்கு. வெயிலு ஏறுது.”

கொட்டகையே கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. மண்டோர் தராசுக் கல்லை வாளிக்குள் போட்டுவிட்டார். அன்று யாருடைய பால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தொரை தலைவலி என்று பங்களாவுக்குப் போனவர், விஷயம் கேள்விப்பட்டு ஒரு புட்டியோடு திரும்பி வந்தார்.

தை மாதம் மாரியம்மன் கோயிலில் கல்யாணம். லாரிக்கு வாழைமரம் கட்டி, மாப்பிள்ளை பெண் ஊர்வலத்தை நான்தான் ஓட்டினேன். ஜொகூரில் அந்த வருஷம் அதைவிட நேர்த்தியான ஊர்வலம் நடக்கவில்லை என்று தைரியமாகச் சொல்வேன். லயத்துக் கிழவிகள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பாயாசம் வந்ததும் முகம் சரியாகிவிட்டது. கொஞ்ச வருஷம் கழித்து அவர்கள் சாஆ பக்கம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார்கள். அந்தப் பக்கம் சரக்கு ஏற்றப் போனால், வேண்டுமென்றே வழியை வளைத்துக்கொண்டு போவேன். அக்கா கிண்டின கேசரி கிடைக்கும். கிராணி லாரியில் ஏறிக்கொண்டு, புதிதாக வந்த எண்ணம் ஒன்றை ரயிலடி வரைக்கும் பேசிக்கொண்டு வருவார். திரும்பி நடந்தே போவார்.

இரண்டு பேரும் இப்போது இல்லை. இன்றைக்கு என் வீட்டுக் கூடத்துக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். பட்டம் வாங்கினவர்கள், பதவியில் இருப்பவர்கள், எதையும் அடித்துப் பேசுகிறவர்கள். நான் யாருக்கும் எழுந்து நின்றதில்லை, எழுந்து நிற்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. ஒருவருக்கு மட்டும் நின்றிருப்பேன். என்ன செய்வது, அவர் எப்போதும் என் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்.